அழிக்காமல் வைத்த படங்கள்

மகள் பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த செல்போன் கடையில் ஒரு பழைய போன் வாங்கினேன். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் இருக்கும். செங்கல்பட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எனக்கு வேலை, வீடு கூடுவாஞ்சேரியில். அதுவரை நான் வைத்திருந்த போனில் டார்ச் மட்டும்தான் உண்டு. குழந்தை பிறந்ததும் படம் எடுக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் கேமரா வைத்த போனைத் தேடிப் போனேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, நகத்தளவு மெமரி கார்டைக் காட்டி, "கார்டும் உள்ளயே கீது சார். தனியா வாங்க வேணாம்" என்றார். மின்சார ரயிலில் வீடு திரும்பும்போது அதைக் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு குழந்தை எங்கள் அறைக்குள் பேசியது.

"எப்பா... எந்திரிப்பா... விடிஞ்சிடுச்சுப்பா..."

பிறகு ஒரு சிரிப்பு. மறுபடி, "எப்பா... எந்திரிப்பா..."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் எழுந்து ஜன்னலைத்தான் முதலில் பார்த்தேன். சத்தம் அலமாரியின் மேலிருந்து வந்தது. போன் வெளிச்சம் போட்டுக்கொண்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

"யாருங்க அது?"

"அலாரம். பழைய ஆள் வச்சிட்டுப் போயிருக்கான்."

"அலாரமா? கொழந்த கூப்புடுதுங்க."

ஏதோ ஒரு பட்டனை அழுத்தி நிறுத்தினேன். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அது கூப்பிட்டது. அன்றைக்குத்தான் அலாரத்தையே எடுத்துவிடும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் அந்தப் போனில் பேசுவதோடு சரி. உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குக் கை வரவில்லை. பயம் என்று சொன்னால் தப்பில்லை. மனைவி பிரசவத்துக்குக் கருங்குழியில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போன பிறகு, நான் தனியாக அந்த அறையில் படுத்து, விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு காத்திருப்பேன். எதுவும் வராது. வராததும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்தான் மகள் பிறந்தாள். துணியில் சுற்றி அவளை மனைவியின் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். நான் போனை எடுத்து, குனிந்து, பட்டனை அழுத்தினேன். படம் விழவில்லை. 'மெமரி ஃபுல்' என்று வந்தது. சிலதை அழித்தால்தான் எடுக்க முடியுமாம்.

வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முதல் முறையாக அந்தப் போனில் இருந்த படங்களைத் திறந்தேன்.

மூன்று வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் குழந்தை. ஒரு படத்தில் வாயெல்லாம் ஐஸ்கிரீம். ஒன்றில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கவுன் நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருக்க, அலையைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறது. ஒரு வெள்ளை வேனின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. அவர்தான் அப்பா என்று மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. மொட்டைமாடியில் அம்மாவின் இடுப்பில். பின்னால் திருக்கழுக்குன்றம் மலையும் மேலே கோயிலும் தெரிகின்றன. நான் பட்டனை அழுத்திக்கொண்டே போனேன். ஓர் இடத்தோடு குழந்தையின் படங்கள் நின்றுவிட்டன.

அதற்குப் பிறகும் படங்கள் இருந்தன. வீட்டு வாசல்படி. தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து. கட்டிலுக்கு அடியில் இருட்டு. ஒரு சுவர். அதே சுவர், இன்னும் கிட்டத்தில். கதவின் கீழ்ப்பாதி. ஜன்னல் கம்பி. ஒரு படத்திலும் ஆளில்லை. யாரோ முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்த மாதிரி எல்லாமே தாழ்வாக இருந்தன.

உள்ளே என் மகள் அழும் சத்தம் கேட்டது. நான் போனை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு சுவரை அழித்திருந்தால்கூட என் மகளின் முதல் நாள் படம் கிடைத்திருக்கும். விரல் அந்தப் பட்டன் மேல் போகவில்லை. முதல் நாள் படம் எங்களிடம் இன்றைக்கும் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கருங்குழியில் மனைவியிடம் சொன்னேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் எல்லாப் படங்களையும் பார்த்தாள். பார்த்து முடித்ததும் போனைக் குப்புறப் பாயில் வைத்தாள்.

"அந்தக் கொழந்த இப்ப இல்லீங்க."

"எப்படிச் சொல்ற?"

"பின்ன எதுக்கு வெறும் செவுத்தப் படம் புடிக்கப் போறாங்க?" என்றாள். "அழிச்சிடாதீங்க. பச்சப் புள்ளய வச்சிகினு இன்னொரு புள்ளய நம்ம கையால அழிக்கக் கூடாது."

"மெமரி இல்லையே. புள்ள மொகம் இருக்கறத மட்டும் சிடியில போட்டுட்டு..."

"ஒண்ணு விடாம போடுங்க. செவுரும்தான்."

செங்கல்பட்டில் ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரை ஒரு அம்மா நடத்திக்கொண்டிருந்தார். கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகியதும் திரை முழுக்க அந்தக் குழந்தை சின்னச் சின்னக் கட்டங்களாக வந்து நின்றது. "உங்க பொண்ணா சார்? அழகா கீறா" என்றார் அவர். நான் பதில் சொல்வதற்குள் சிடி சுற்ற ஆரம்பித்துவிட்டது. அலாரமாக இருந்த குரலையும் சேர்த்துப் போடச் சொன்னேன். முடிந்ததும் சிடியில் சரியாக ஏறியிருக்கிறதா என்று திறந்து காட்டிவிட்டு, "கார்ட காலி பண்ணிடட்டா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது திரை வெள்ளையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளை முதல் படம் எடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் யாரையோ எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் என் குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி மனம் உறுத்தியது. மனைவியும் மாறிப்போயிருந்தாள். குழந்தை தூளியில் தூங்கினால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். குழந்தை இல்லாத தூளி தப்பித்தவறி ஒரு படத்தில் விழுந்துவிட்டால், அதை உடனே அழிக்கச் சொல்வாள். ஒருநாள் அவளே சொன்னாள்: "அது அவங்க பொருளுங்க. நம்ம வூட்டுல இருக்கக் கூடாது. யாருன்னு பாத்துக் குடுத்துட்டு வந்துடுங்க."

மலை இருந்த படத்தையும் வேன் இருந்த படத்தையும் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போனேன். அதிகம் அலையவில்லை. வேன்கள் நிற்கும் இடத்தில் முதல் ஆளிடம் காட்டியதுமே அவர் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, எதிரே இருந்த டீக்கடையைக் காட்டினார். உள்ளே அந்தக் குழந்தையின் அப்பா உட்கார்ந்திருந்தார். படத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ன போன், இன்ன கடையில் வாங்கினேன் என்று சொன்னேன்.

அவர் கிளாசைக் கீழே வைத்தார்.

"அலாரம் அடிக்குதா சார் இன்னும்?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா," என்றார். பிறகு, "சரிதான். எடுக்கத்தான் வேணும்" என்றார்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்திருக்கிறது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். போனைப் பற்றித்தான் நிறையப் பேசினார்.

"எம் பொண்டாட்டி சோறு தண்ணி இல்லாம அந்தப் போன வச்சிகினே குந்திகினு கெடந்தா சார். காலைல அது எந்திரிப்பான்னு கூப்புட்டா, இவ வாசலுக்கு ஓடுவா. நான் இன்னா பண்ணுவேன்? அழிச்சிடலாம்னு ராவுல ஒரு நாள் கையில எடுத்தேன். முடியல. பஸ்சுல தொலஞ்சிடுச்சுன்னு அவளாண்ட சொல்லிட்டு எடுத்தாந்து கடையில குடுத்துட்டேன். எல்லாத்தையும் அழிச்சிடுங்கன்னு அவன்கிட்ட சொன்னேன். அவன் அழிக்கலயா?"

"அழிக்கல. எல்லாம் இதுல இருக்கு" என்று சிடி இருந்த கவரை நீட்டினேன்.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சூடான பாத்திரத்தைக் காட்டிய மாதிரி.

"வேணாம் சார். இத்த நான் வூட்டுக்கு எடுத்துகினு போவ முடியாது."

"அப்போ நான் என்ன பண்றது?"

"நீயே வச்சிக்கோ சார். தூக்கி மட்டும் போட்டுடாத" என்றார். என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு டீ சொன்னார். குடித்துவிட்டு நான் கிளம்பும்போது, "உனுக்குக் கொழந்த இருக்குதா?" என்றார். பெண் குழந்தை, பிறந்து நாலு மாதம் என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிடி எங்கள் அலமாரியில் மனைவியின் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மகளுக்கு முதல் பிறந்தநாள் வந்தது, நடக்க ஆரம்பித்தாள், போன் அவள் படங்களால் நிரம்பி இரண்டு முறை அவற்றையும் சிடியில் போட்டுக் காலி செய்தேன். வீட்டில் அவள் சத்தம் கேட்காத நேரங்களில் மட்டும், நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பெரும்பாலும் அவள் ஏதாவது சாமானுக்குப் பின்னால் உட்கார்ந்து மும்முரமாக எதையோ பிய்த்துக்கொண்டிருப்பாள்.

மகளுக்கு இரண்டு வயது நெருங்கும்போது அந்த அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல்.

"அண்ணா, அந்தப் பழைய போன் வாங்கினவங்களா?"

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"தொலஞ்சிடுச்சுன்னு அவரு சொன்னப்பவே எனுக்குத் தெரியும்ணா. அவுருக்குப் பொய் சொல்ல வராது. நான் கேக்கல. இப்ப நல்லாத்தான் கீறேன். வேலைக்குப் போறேன். அதான் அவரக் கேட்டேன். அவரே உங்க நம்பர எழுதிக் குடுத்தாரு. படம் இருக்குதாண்ணா?"

"இருக்கும்மா. எல்லாம் இருக்கு."

மறுமுனையில் அலைச் சத்தமா, வண்டிச் சத்தமா என்று தெரியாத ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில், சங்கும் பாசிமணியும் விற்கிற ஒரு கடையில் அந்தப் பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சிடியை அங்கே கொண்டுவரச் சொன்னார். மகளை அழைத்துப் போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரே குழப்பம். "அவங்க கண்ணுல நம்ம புள்ளய காட்டி நோகடிக்கணுமா?" என்றேன். மனைவி யோசித்துவிட்டு, "ஒளிச்சு வச்சிட்டுப் போனா அதுதாங்க நோகும்" என்றாள். மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம்.

அவர் கடையை இன்னொரு பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் வைத்திருந்த ஸ்டுடியோவுக்கு எங்களைக் கூட்டிப் போனார். என் மகளைப் பார்த்தார். தொடவில்லை. மதிய நேரம், கூட்டம் இல்லை. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு, ஸ்டூலை அவருக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

குழந்தையின் படங்களை அவர் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார். அவையெல்லாம் மனப்பாடமாக இருந்த மாதிரி இருந்தது. ஆளில்லாத படங்கள் வந்தபோதுதான் கை நின்றது.

"இங்க ஒளிஞ்சிக்குவா," என்றார் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருந்த சந்தைக் காட்டி. கதவின் கீழ்ப்பாதியைக் காட்டி, "இத்த கடிப்பா. பல்லு மொளைக்கும்போது. பாருங்க, பல்லு பட்ட எடம்." அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. மரத்தில் சின்னப் பள்ளங்கள். நான் எத்தனையோ முறை பார்த்த படம் அது. அடுத்து அந்தச் சுவர். பெரிய திரையில் பார்த்தபோது சுவரின் கீழ்ப்பக்கம் முழுக்கப் பென்சில் கிறுக்கல், வட்டம் வட்டமாக.

"அவரு வெள்ள அடிக்க ஆள் சொல்லிட்டு வந்தாரு. அதெல்லாம் வூட்ல இருந்தா எனுக்குப் பைத்தியம் புடிச்சிடும்னு பயந்தாரு. துணிமணி எல்லாத்தையும் குடுத்தாச்சு. வெள்ள அடிக்க வர்றதுக்குள்ள நான் குந்தி குந்தி எல்லாத்தையும் புடிச்சி வச்சேன். அப்புறம் போனும் பூட்ச்சி."

என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சுவரையும் சிடியில் போட வேண்டும் என்று அவள் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தாள் என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். தெரியாது என்றாள்.

குரல் இருந்த ஃபைலைக் காட்டினேன். அவர் அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். அழுத்தவில்லை.

வெளியே ஒரு வேன் வந்து நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. தன் மனைவி இருக்கும் இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உள்ள வாயேன்," என்றார் அந்த அம்மா.

"நீ பாரு. நான் இங்கதான் கீறேன்."

"தனியா கேக்க முடியாதுய்யா. வா."

அவர் செருப்பைக் கழற்றினார். கழற்ற வேண்டிய இடமில்லை அது. உள்ளே வந்து எங்களுக்குத் தலையசைத்துவிட்டு தன் மனைவியின் அருகே நின்றார். அந்த அம்மா ஸ்டூலில் நகர்ந்து பாதி இடம் விட்டார். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சிடியை அவர்களிடமே விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். கதவருகே என் மகள் நின்று, அவர்களைப் பார்த்து யாரும் சொல்லாமலேயே டாட்டா காட்டினாள். அந்த அம்மா எழுந்து வந்து அவள் கன்னத்தில் கை வைத்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. என் மனைவி குழந்தையை இழுத்துக்கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனோம். மகள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். அவர்கள் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. அவர்களுக்கு அப்புறம் ஒரு பையன் பிறந்ததாக, திருக்கழுக்குன்றத்திலிருந்து எங்கள் ஆபீசுக்கு வரும் ஒரு டிரைவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "போட்டோ எடுக்கறாங்களாமா?" என்று கேட்டாள். அதை நான் டிரைவரிடம் கேட்டிருக்கவில்லை.