நல்ல கண்ணைக் கட்டுங்கள்!

போன வெள்ளிக்கிழமை பேட்டையில் என் அத்தானின் நெல் மண்டியில் உட்கார்ந்திருந்தேன். நாங்குநேரியிலிருந்து நெல் மாதிரி கொண்டுவந்த வியாபாரி ஒருவர், அங்கே விளையாடிக்கொண்டிருந்த அத்தான் மகள் வடிவைப் பார்த்தார். ஐந்து வயது. வலது கண்ணில் கறுப்புத் துணிக்கட்டு. அதற்கு மேல் வட்டக் கண்ணாடி. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மாறுகண்ணு இடதுலல்லா? நல்ல கண்ணைப் போயி கட்டி வச்சிருக்கீரு! கட்டுன டாக்டருக்குக் கண்ணு தெரியுமா வே?"

"அவருக்குத் தெரியும் வே. நமக்குத்தான் இத்தனை நாளாத் தெரியல" என்றார் அத்தான்.

இந்தப் பதிலை அவர் வாயிலிருந்து வரவழைக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே...

இரண்டு வயசிலிருந்து வடிவின் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கி நிற்கும். நம் பக்கத்தில் இதற்கு யாராவது கவலைப்படுவார்களா? மாறுகண் பெண் வீட்டுக்கு யோகம் — அவ்வளவுதான்! கண் திரும்பிய அதே வருஷம் மண்டியும் சூடுபிடித்துவிட்டது. பிறகு கேட்பானேன்? முதல் வண்டி வந்து நின்றால், வடிவைத் தூக்கி வந்து பார்க்க வைத்த பிறகுதான் மூட்டையை இறக்குவார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்தக் கண்ணுக்குப் பார்வை இருக்கிறதா?

சயன்ஸ் படித்தவன் சும்மா இருப்பேனா! டாக்டர்கள் சுவரில் எழுத்துகளை மாட்டிப் படிக்கச் சொல்வார்களாம். நானும் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன் — மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சின்னது. அவள் வலது கண்ணைப் பொத்தினேன். கையைத் தட்டிவிட்டாள். சேட்டை என்று நினைத்து மறுபடி பொத்தினேன். மடமடவென்று கடைசி எழுத்துவரை சொல்லி முடித்தாள்.

"பார்வையில் ஒரு பழுதும் இல்லை!" என்று தீர்ப்புச் சொன்னேன். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் பார்த்தால், அடுக்களையில் உட்கார்ந்து அப்பளம் தின்றபடியே வடிவு அதே வரிசையைப் பாடிக்கொண்டிருக்கிறாள். தாள் இருந்ததோ கூடத்தில்! எனக்குச் சுரீரென்றது. நான் எழுதி ஒட்டியது... அ, ஆ, இ, ஈ.

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பாளையங்கோட்டையில் இருக்கும் டாக்டர் ஒருவரிடம் போகலாம் என்றேன். அத்தான் வந்தார் — ஒரு நிபந்தனையோடு.

"பாக்கட்டும்லே. ஆனா கண்ணை நேராக்குதேன்னு ஆரம்பிச்சாருன்னா பிள்ளையைத் தூக்கிட்டு வந்துருவேன். யோகத்தோட விளையாடக் கூடாது."

டாக்டர் எழுத்தையே காட்டவில்லை. தன் விரலை வடிவின் முகத்துக்கு முன்னால் மேலும் கீழும், இப்படியும் அப்படியும் பைய நகர்த்தினார். இரண்டு கண்ணும் விரல் பின்னாலேயே போயின. "கண்ணை அசைக்கிற நரம்புல கோளாறு இல்ல" என்றார். பிறகு இருட்டறை. பக்கத்தில் ஒரு விளக்கு; அவர் கையில் நடுவே துளையிட்ட, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. அதன் வழியே கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள கட்டியில்ல, புரையில்ல. மூளைக்குப் போற நரம்பும் நல்லா இருக்கு."

"அப்ப சரி, வாறோம்!" அத்தான் எழுந்துவிட்டார்.

"இரும் அண்ணாச்சி."

ஒரு தட்டில் கொஞ்சம் பொரியைத் தூவி வடிவிடம் கொடுத்தார். இடது கண்ணைப் பொத்தினார்; அவள் பாட்டுக்குப் பொறுக்கித் தின்றாள். வலது கண்ணைப் பொத்தினார், கையைத் தட்டிவிட்டாள். மறுபடி பொத்தினார். அவள் விரல் பொரிக்குப் பக்கத்தில் தடவியது. அழ ஆரம்பித்தாள்.

"சேட்டை பண்ணுதா" என்றார் அத்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, சந்தையில காளை வாங்கும்போது கண்ணை எப்படிப் பாப்பீரு?"

"இது என்ன கேள்வி? ஒரு கண்ணைத் துண்டால பொத்திட்டு மறு கண்ணு முன்னால கையை வீசுவேன். அப்புறம் அந்தக் கண்ணு. ரெண்டையும் தொறந்து வச்சுப் பாத்தா தரகன் ஏமாத்திப்புடுவாம்லா..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாத்தா ஒண்ணு ரெண்டாத் தெரியும்" என்றார் டாக்டர். "அதனால மூளை இந்த இடது கண்ணு சொல்லுததைக் கேக்காம ஒதுக்கிட்டுது. நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் கட்டினா, வேற வழியில்லாமக் கேக்கும். கண்ணாடியும் போடணும். இப்பமே செய்யணும். வளந்த பெறகு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"கண்ணு நேராயிருமோ?"

"ஆகலாம்."

அத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மகளின் வலது கண்ணைத் தானே பொத்தினார்.

"வடிவு, அப்பா மூஞ்சி தெரியுதா?"

"மூஞ்சி இருக்கு. கண்ணு மூக்கு ஒண்ணும் இல்லியே..."

துண்டை எடுக்க அவருக்கு நேரமாயிற்று. "கட்டுங்க டாக்டர்" என்றார்.

அதாயிற்று மூன்று மாசம். கண்ணாடி சென்னையிலிருந்து தபாலில் வந்தது. முதல் வாரம் வடிவு நிலைப்படியில் இடித்துக்கொண்டு அழுதாள். அக்காவும் சேர்ந்து அழுதாள். ஆனால் கட்டை அவிழ்க்க அத்தான் விடவில்லை.

இதையெல்லாம் சொல்லியும் நாங்குநேரிக்காரர் நம்பினாரா? "என்னமோ போரும்! யோகக் கண்ணைக் கெடுத்துட்டீரு" என்று இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த மாதிரி நெல் முறத்தில் பரப்பியிருந்தது. நல்ல கண் கட்டியிருக்க, வடிவு அதில் குனிந்து எதையோ பொறுக்கினாள்.

"மாமா, இதுல கல்லு கிடக்கு. இந்தா இன்னொண்ணு."

சிரிப்பு நின்றது. அத்தான் மகளைத் தூக்கிக்கொண்டார். "யோகம்னா இதுல்லா வே யோகம்!"

உங்கள் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள். கண் நேராக இருந்தாலும் சரி, திரும்பியிருந்தாலும் சரி — ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். கையைத் தட்டிவிட்டால் அதட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

எழுத்தை மட்டும் வரிசையாக எழுதி ஒட்டிவிடாதீர்கள்!