பிசையவில்லை என்று சொன்னேன்

போன மாசி மாதம், ஒரு முற்பகல். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் சாலையில் தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். பார்த்த வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டுக் கிளம்பியது அது முதல் முறையல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாளிலிருந்து ஊர் ஊராக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றுதான் திருடியவன் போல நடந்தேன்.

நான் வேலை பார்த்தது, பெரிய செட்டியார் வீடு ஒன்றை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்த இடம். அடுப்படியில் எனக்குப் பரோட்டா, சப்பாத்தி வேலை. அயர்லாந்திலிருந்து எண்பது வயதுப் பெரியவர் ஒருவரும் அவர் மகளும் வந்து தங்கினார்கள். மூன்றாம் நாள் பெரியவர் படுத்துவிட்டார். இதயம் பலவீனம், கொஞ்சம் தெம்பு வந்தால்தான் விமானம் ஏறலாம் என்றார் டாக்டர். கஞ்சி, இட்லி, கடை பிரெட் எதுவும் அவருக்கு இறங்கவில்லை. வீட்டில் மனைவி சுட்ட சோடா ரொட்டி என்றால் தின்பேன் என்றாராம்.

மகள் அடுப்படிக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, புளித்த மோர், அவ்வளவுதான். மோரை ஊற்றி விரலால் நாலு சுற்றுச் சுற்றி, உருண்டையாகக் கூட்டி, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்கும் ஆழமாகக் கீறினார். உடனே கனத்த இரும்புச் சட்டியில் வைத்து மூடி, மூடியின் மேலும் கங்கு போட்டார். அவர் ஊரில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தானாம். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் அவர் பேச்சை எனக்குத் தமிழில் சொன்னார்.

“அண்ணே, பிசையவே கூடாதாம். மோர் பட்டதும் சோடா பொங்கிருமாம், ஒடனே அடுப்புல ஏத்தணுமாம். ஒங்க பரோட்டா மாவு மாதிரி அடிச்சுத் தொவைச்சுராதீக.”

பெரியவர் அன்று அரைத் துண்டு தின்றார். மறுநாள் வெண்ணெய் தடவி இரண்டு துண்டு. எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த நாள் மகள் டிக்கெட் விஷயமாக மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. மாவு, உப்பு, சோடா எல்லாம் அளந்து கிண்ணங்களில் வைத்துவிட்டு, என்னைச் செய்யச் சொல்லிப் போனார். இருபது வருடம் மாவில் கிடந்தவன் நான். அவர் ரொட்டியை அறுக்கும்போது உதிர்ந்ததைப் பார்த்திருந்தேன். பிசையாத மாவு உதிராமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். உள்ளங்கையால் அழுத்தி நன்றாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி ஒரு மணி நேரம் ஊறவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு.

சட்டியைத் திறந்தால் உப்பாமல் கல்லாகக் கிடந்தது. புளித்த மோர் தீர்ந்திருந்தது, நேரமும் ஆகிவிட்டது. அதையே மெல்லிசாக அறுத்துக் கொடுத்தேன். பெரியவர் ஒரு வாய் கடித்துத் துப்பிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரவு திரும்பி வந்த மகள் மீந்து கிடந்த துண்டுகளைப் பார்த்தார். மறுநாள் அவர் சுட்டுக் கொடுத்ததைக்கூடப் பெரியவர் தொடவில்லை. அதற்கடுத்த நாள் காலை இறந்துபோனார். ரொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். இருக்கலாம்.

அன்று சாயங்காலம் மகள் அடுப்படிக்கு வந்தார், கூடவே விடுதிப் பெண்ணும்.

“அன்னைக்கு மாவப் பிசைஞ்சீகளான்னு கேக்குறாக.”

“இல்லம்மா. அவுக காட்டுன மாதிரித்தான் செஞ்சேன்.”

விடுதிப் பெண் அதைச் சொன்னதும் மகள் என்னவோ மெதுவாகச் சொன்னார்.

“அப்ப தான்தான் சோடாவத் தப்பா அளந்து வச்சுட்டேன்னு சொல்றாக.”

நான் குனிந்து அடுப்புக் கங்கைக் கிளறினேன். மகள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உடலை மதுரைக்குக் கொண்டுபோக ஏற்பாடானது. வண்டி கிளம்புவதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன். குன்றக்குடி மலை தெரியும் இடத்தில் ஆம்புலன்ஸ் பின்னால் வந்தது. மகள் முன்சீட்டில் இருந்தார். என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் குறுக்கே கையை நீட்டியிருக்கலாம். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் மாவு பிசைவது போல் கையால் காட்டியிருந்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன்.

அடுத்த நாள் காலை திருப்பத்தூரில் ஒரு கடையில் வேலை கேட்டேன். “மாவு பிசைவீகளா?” என்றார் முதலாளி. பிசைவேன் என்றேன். வேறு வேலை தெரியாது. எங்கோ ஒரு அடுப்படியில் அந்த அம்மா சோடாவை அளக்கும்போதெல்லாம் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்; தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான், அயர்லாந்தில் அவர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.