காதை அடைக்காத ஹெட்போன்

போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஜீப்பு ஓட்டுகிற நாங்கள் பாட்டைச் சத்தமாக வைக்க மாட்டோம், பிள்ளைகளா. எதிரே வரும் வண்டியின் ஹாரன் காதில் விழ வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான், மகளையும் கூட்டிக்கொண்டு அவளுக்கு ஹெட்போன் வாங்கப் போனபோது, வெளிச்சத்தம் காதில் விழுகிற மாதிரி ஒன்று கேட்டேன். காதில் வைக்கும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடாமல் வலை மட்டும் வைத்திருந்த ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பாட்டு, படம், கேம் எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கும் என்றார்.

"இதுல சத்தம் வெளிய கசியும்ப்பா. நான் என்ன பாக்குறேன்னு வீட்டுக்கே தெரிஞ்சிரும்," என்றாள் மகள்.

"தெரிஞ்சா தெரியட்டும். சாப்பிடக் கூப்பிட்டா உனக்குக் கேக்கணும்ல, ஆத்தா."

சிரித்துக்கொண்டே அதையே எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரு பாட்டோ, கேமில் குதிரை ஓடுகிற சத்தமோ சன்னமாக எனக்கும் கிடைக்கும். ஒரு தடவை கூப்பிட்டாலே திரும்புவாள்.

இப்போது சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கூட இருக்கும் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று, காதை மூடுகிற ஹெட்போன் வாங்கிக்கொண்டாள். பழையது வீட்டில் கிடக்கிறது. நேற்று அதை என் போனில் மாட்டி, அவள் நாற்காலியில் வைத்து, பாட்டைப் போட்டேன். அதே மாதிரி சன்னமாகக் கசிந்தது. சாப்பிட வா ஆத்தா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.