மைக் தேவானையும் பாதி மாத்திரையும்

ரங்கநாதன் தெருவில் முட்டி மோதிப் போகிற ஜனத்தை நிறுத்தி ஒரு கடைக்குள் திருப்பி விடுவது லேசுப்பட்ட வேலையில்லை. அதைப் பதினோரு வருஷம் செய்தவள் தேவானை. ஜவுளிக்கடை வாசலில் முக்காலி போட்டு ஏறி நின்று மைக்கைக் கையில் பிடித்தாள் என்றால், மாம்பலம் ஸ்டேஷன் படி இறங்குகிறவர்களுக்கும் காது திரும்பும்.

"வாங்கம்மா, வாங்கக்கா! பச்சைப் புடவ அக்கா, உங்களத்தான்! உள்ள வந்து பாருங்க, பாக்குறதுக்குக் காசு இல்ல!"

பச்சைப் புடவைக்காரி வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவாள். புடவை மடிக்கிற நாற்பது பெண்களில் மைக் கொடுக்கப்பட்டவள் இவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டும், சம்பாதித்த கர்வம்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்று டாக்டர் ஜோதிலட்சுமி எழுபத்தைந்து மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். தினம் ஒன்று. இவளும் காலையில் காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போது ஞாபகமாக வாயில் போட்டு, காபியாலேயே உள்ளே தள்ளிவிடுவாள். காபி இல்லாமல் மாத்திரை இறங்குமா என்ன! சித்திரையில் ரத்தம் சோதித்தபோது டி.எஸ்.எச். ஒன்பது புள்ளி நாலு என்று வந்தது. அந்தக் காகிதத்தை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். டாக்டரிடம் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். பங்கஜம் மாமியோ அதே அபார்ட்மென்டில் கீழ்வீடு.

மாமிக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தைராய்டு. அதனால் மாமி தன்னைத் தானே டாக்டராக உயர்த்திக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷமாகப் பல் தேய்க்கிறவர்கள் எல்லாம் பல் டாக்டரா என்று அந்த அபார்ட்மென்டில் கேட்க ஒருவருக்கும் வாய் இல்லை.

"ஒம்பது புள்ளி நாலா! நாலுக்குள்ளன்னா இருக்கணும்? பாரு, பக்கத்துல 'எச்' போட்டிருக்கான். ஹைனு அர்த்தம். தைராய்டு ஏறிண்டே போறதுடீ. மாத்திரைய ஜாஸ்தியா முழுங்கிண்டிருக்கே. பாதியா ஒடச்சுப் போட்டுக்கோ."

"டாக்டரக் கேக்க வேணாமா மாமி?"

"எதுக்கு? எங்காத்துல எனக்கு நானேதான் ஏத்தி எறக்கிக்கறேன். எனக்கு என்ன ஆயிடுத்து?"

மாமிக்கு என்ன ஆகியிருந்தது என்று கண் உள்ளவர்களுக்குத் தெரியும். கத்திரி வெயிலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேவானையும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டும், மாடியேறிப் போய் அரிவாள்மணையில் மாத்திரையைப் பாதியாக நறுக்கினாள். அவளுடைய புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

ஆனி பிறப்பதற்குள் முகம் உப்பிவிட்டது. சீப்பு நிறைய முடி. நின்ற இடத்தில் தூக்கம். இதெல்லாம் கிடக்கட்டும், குரல் போய்விட்டது. மைக்கைப் பிடித்தால் யாரோ தகர டப்பாவை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பச்சைப் புடவைகளும் நீலப் புடவைகளும் திரும்பிப் பார்க்காமல் எதிர்க்கடைக்குப் போயின.

சூப்பர்வைசர் தங்கவேல் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஒரு சாயங்காலம் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னக்கா, தொண்டையில தவளைய வளக்கியளா? ஆடித் தள்ளுபடிக்கு மைக் புடிப்பியளா மாட்டியளா, இப்பமே சொல்லிருங்க. முதலாளி ரெக்கார்டு பண்ணி ஓட விட்டுருவோம்ங்காரு."

"புடிப்பேன் அண்ணாச்சி."

சொன்னது யாருடைய குரல் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மைக் போய்விடும் என்ற பயத்தில்தான் டாக்டர் ஞாபகம் வந்தது. உடனே இன்னொரு பயமும் வந்தது. பாதியாக்கினது தெரிந்தால் டாக்டர் திட்டுவாரே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். பரீட்சைக்கு முந்தின வாரம் உட்கார்ந்து படிக்கிற பிள்ளை மாதிரி, ரத்தம் கொடுக்கப் போவதற்கு எட்டு நாள் முன்னாலிருந்து தினம் இரண்டு முழு மாத்திரை. போகிற அன்று காலையிலும் இரண்டு. ரிப்போர்ட் அழகாக வரும், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று அவள் கணக்கு.

லேபில் ரத்தம் எடுக்கிற அமீனா பீ கையைத் தட்டி நரம்பைத் தேடிக்கொண்டே கேட்டாள். "இன்னாமே, மாத்திரை போட்டுக்கினு வந்துட்டியா?"

"ஆமாக்கா. ரெண்டு."

"ரெண்டா? மாத்திரை போடாம வர்ணும்னு சொல்லல? நல்லா கீதுமே உன் கத!" என்று சிரித்து, அதையும் சீட்டின் ஓரத்தில் எழுதி வைத்தாள்.

மறுநாள் டாக்டர் ஜோதிலட்சுமி ரிப்போர்ட்டைப் பார்த்தார், தேவானையைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார், சீட்டின் ஓரத்தில் அமீனா பீ எழுதியிருந்ததையும் பார்த்தார்.

"டி ஃபோர் நிறைய இருக்கு. டி.எஸ்.எச். இருபத்து நாலு. இது ரெண்டும் சேர்ந்து வராதேம்மா. மாத்திரை தினம் போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

"சரி, எழுபத்தஞ்சு பத்தல போல. நூறா ஏத்திடலாமா?" என்று பேனாவை எடுத்தவர் எழுதாமல் காத்திருந்தார்.

தேவானைக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. இரண்டிரண்டாகப் போட்ட நாளிலிருந்தே அடித்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது நூறு என்றால் அதற்கு மேல் என்ன ஆகுமோ! வாயைத் திறந்தாள். பாதி மாத்திரை, எட்டு நாள் இரட்டை மாத்திரை, காபி, பங்கஜம் மாமி, அவளுடைய ஸ்வெட்டர் உட்பட எல்லாம் கொட்டிவிட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. கேட்டார்: "கடையில கூட்டம் இருக்கும்போது சத்தமா கூப்பிடுவீங்களா, இல்லாதப்பவா?"

"கூட்டம் இருந்தா எதுக்குக் கத்தணும்? கடை காத்தாடுனாத்தான் கத்துவேன்."

"அதேதான். டி ஃபோர், அதாவது மாத்திரைல இருக்கற தைராய்டுச் சத்துதான் உள்ள வர்ற கூட்டம். டி.எஸ்.எச். வாசல்ல நின்னு மூளை போடற கூப்பாடு. உள்ள ஆள் இல்லன்னா கூப்பாடு ஏறும். ஒம்பதுன்னா கடை காலின்னு அர்த்தம். உங்க மாமி, இருந்த நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்க. அவங்க கடையும் காலி போல, அதான் வெயில்லயும் குளிருது. நீங்க கடைசி எட்டு நாள் லாரில ஆள் ஏத்திட்டு வந்து உள்ள நிறுத்தியிருக்கீங்க. ஆனா மூணு மாசமாக் கத்தின தொண்டை எட்டு நாள்ல அடங்குமா?"

தேவானைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஆடிக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?"

"ஆகாது. அதே எழுபத்தஞ்சு, முழுசா ஒண்ணு, விடியக்காலைல வெறும் தண்ணில. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி, சேத்துக் குடிச்சா மாத்திரை உடம்புல ஒட்டாது. ஆறு வாரம் கழிச்சுப் பாக்கலாம். அதுக்கு முன்னாடி ஏத்தவும் வேணாம், எறக்கவும் வேணாம்."

ஆடி வந்தது. கடை வாசலில் முக்காலி இல்லை. விமானம் கிளம்பப் போகிறது என்று சொல்வது போல ஒரு வழுவழுப்பான குரல் ஸ்பீக்கரில் ஒரே வாக்கியத்தைக் காலை முதல் ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தது. தேவானை இரண்டாவது மாடியில் புடவை மடித்தாள். அந்தக் குரலுக்குப் பச்சைப் புடவை எது, நீலப் புடவை எது என்று தெரியுமா? பெட்டிக்குள்ளிருந்து கத்துகிற குரலுக்குக் கண் ஏது! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தாள். காலையில் காபி வாசனை மூக்கைத் துளைத்தாலும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வாரத்தில் ஆறு புள்ளி எட்டு. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, கை வைக்க வேண்டாம், இன்னும் ஆறு வாரம் போகட்டும் என்றார் டாக்டர். குரலில் தகரம் போய்விட்டது, கொஞ்சம் கரகரப்பு மிச்சம்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் தங்கவேல் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கீழே ஒரே ரகளை. ஆடி முடிந்ததை மனிதர்களுக்குச் சொன்னவர்கள் ஸ்பீக்கருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அது இன்னமும் 'ஆடித் தள்ளுபடி பாதி விலை' என்று வழுவழுவென்று கூவ, பாதி விலை கொடு என்று பில் போடுகிற இடத்தில் பதினைந்து பெண்கள் சண்டை.

"யக்கா, கீழ வாங்க. முதலாளி கூப்புடுதாரு. மைக் புடிக்கணும்."

"காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல என் தொண்டை தராது அண்ணாச்சி. சம்மதம்னா முக்காலிய எடுத்துப் போடுங்க."

முக்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் ஒரு ஸ்வெட்டர் வந்தது. தேவானை விடுவாளா? "ஸ்வெட்டர் போட்ட மாமி, உங்களத்தான்! உள்ள வாங்க!"

பங்கஜம் மாமி கிட்டே வந்து அண்ணாந்து கேட்டாள். "டெஸ்ட் பாத்தியாமே. எவ்வளவுடீ?"

"ஆறு புள்ளி எட்டு மாமி."

"இன்னும் ஹைதானேடீ! நான் சொன்னா கேக்க மாட்டியா? கால் மாத்திரையாக்கிடு."

மைக் வாயருகில்தான் இருந்தது. தேவானை அதை நகர்த்தவில்லை. "மாமி, என் மாத்திரைய விடுங்க. இந்த வேக்காட்டுல ஒங்களுக்கு மட்டும் எதுக்குக் குளுருதுன்னு மொதல்ல போய் டாக்டரக் கேளுங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாமி ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டாள், பிறகு கழற்றினாள், பிறகு பனகல் பூங்கா பக்கமாக நடந்தாள். டாக்டரிடம் போனாளா, பஸ் ஏறி வீட்டுக்குப் போனாளா, தேவானை பார்க்கவில்லை. ஒரு சிவப்புப் புடவை எதிர்க்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அதைத் திருப்ப வேண்டியிருந்தது.