அரசகுமாரிக்கு மட்டும் சம்மதம்

நான் எழுதிய ஒரே சரித்திர நாவலின் நாயகி ஓர் அரசகுமாரி, சரியான பிடிவாதக்காரி. தகப்பன் பார்த்த மாப்பிள்ளையின் சாதக ஓலையை விளக்கில் கொளுத்திவிட்டு, முத்துக்குளிப்பவன் ஒருவனோடு தோணியேறிப் போய்விடுவாள்.

கையெழுத்துப் பிரதியைக் கணினியில் அடித்துத் தந்தவள் என் மகள். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு உட்கார்ந்துவிடுவாள். கடைசி அத்தியாயம் வந்ததும் கொப்பியை என் முன்னால் வைத்தாள்.

"இதை நீங்களே அடியுங்கோ, அம்மா."

"ஏன் பிள்ளை, என்ரை எழுத்து விளங்கேல்லையோ?"

"விளங்குது. குருநகர்ப் பெடியனைக் கட்டப்போறன் எண்டு நான் கேட்டு நிண்ட நேரம், சாதகமே இல்லாத, சேர்ச்சுக்குப் போற வேதக்காரருக்கு, அதுவும் மீன்பிடிக்கிற சனத்துக்குப் பொம்பிளை குடுக்கிறதோ எண்டு கத்தினியள். இவளுக்கு மட்டும் தோணியும் குடுத்து அனுப்புறியள்."

அன்று நான் பூச்சிமருந்து குடித்துச் சாவேன் என்று மிரட்டியதை அவள் சொல்லிக்காட்டவில்லை. நாவலில் அரசனைக் கொடியவனாகத்தான் எழுதியிருந்தேன். அவன்கூட அப்படி மிரட்டவில்லை. அந்தப் பெடியனோ போன வருடமே வேறிடத்தில் கலியாணம் கட்டிவிட்டான்.

அந்த அத்தியாயத்தை ஒற்றை விரலால் நானே அடித்து முடித்தேன்.

வெளியீட்டு விழாவில் அதைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். "இப்பிடித் துணிஞ்ச பிள்ளையை எங்கை கண்டனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். முன்வரிசையில் மகள் இருந்தாள்.

"எல்லாம் கற்பனைதான்" என்றேன்.

கண்டது என் வீட்டில். அவளைப் பணியவைத்தவளும் நான்தான்.