கீழே இருப்பவனுக்குக் கேட்கும்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் விசாரித்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எங்கள் ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு காடு இருந்தது. காவல் காடு என்போம். குளிர்காலத்துப் பனி சரிந்து ஊர்மேல் விழாமல் அந்த மரங்கள்தான் பிடித்து வைத்திருந்தன. அதில் ஒரு கிளையை ஒடிக்கக்கூட முன்னோர்கள் விட்டதில்லை. பிறகு விடுதி முதலாளி வந்தார். பனிச்சறுக்குப் பாதை வேண்டும் என்றார். ஊரே சேர்ந்து காட்டை வெட்டியது. வனக்காவலரான என் அண்ணன் ஒருவர்தான் தொண்டை கிழியக் கத்தினார். அவருக்குக் கிறுக்கு என்றார்கள். எனக்கு ரோப் கார் ஓட்டும் வேலை கிடைத்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் பனி சரிந்தது. வெட்டிய ஒருவனுக்கும் ஒரு கீறல் இல்லை. மாட்டியது அண்ணன் மட்டும்.

நீளக் கம்பிகளைப் பனிக்குள் குத்தித் தேடினோம். நடுநடுவே ஒருவர் கை தூக்குவார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுப்போம். வீண் வேலை. பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்... மேலே பேசுவது கீழே இருப்பவனுக்குத் தெளிவாகக் கேட்குமாம். அவன் கத்துவதுதான் மேலே கேட்காது.

நாலு மணிக்குத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணி மட்டும் இருட்டும்வரை அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உடனே போயிருப்பாருல்ல, தம்பி?" என்று அதன்பிறகு தினமும் கேட்பார். ஆமாம் என்பேன். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் அவர் சாப்பிட்டார், தூங்கினார்.

மூன்று வாரம் போனது. ஒரு மாலை, நான் இருந்த கீழ் நிலையத்துக்கு ரோப் காரின் கடைசி வண்டி இறங்கிவிட்டது. மேல் நிலையத்து ஆளும் அதிலேயே வந்து, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். மேலே ஈ, காக்கை கிடையாது.

மணி நாலு இருபது. மேல் நிலையத்திலிருந்து இன்டர்காம் அடித்தது.

டிர்ர்... டிர்ர்...

எடுத்தேன்.

முதலில் காற்று என்று நினைத்தேன். இல்லை, மூச்சு. பிறகு தூரத்தில் கரக்... கரக்... பனிக்குள் கம்பி இறங்கும் சத்தம்.

அப்புறம் விடுதி முதலாளியின் குரல். கம்பளிக்கு அடியிலிருந்து கேட்பதுபோல.

"இனிமே தேடி என்ன ஆகப்போவுது? நாளைக்கு சறுக்க ஆளுங்க வர்றாங்க. பாதையைத் திறங்க."

அடுத்து இன்னொரு குரல். அது என் குரல்.

"இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாங்க..."

அன்று தேடும்போது ரோப் காரின் ஏழாவது தூண் அருகே நாங்கள் பேசியது. ஒரு சொல் மாறவில்லை. அதற்குப் பிறகு அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். எனக்கு நினைவிருக்கிறது.

போனில் அந்த நேரம் சும்மா இல்லை.

"தம்பி..."

மிக அருகில்.

"தம்பி, காலை எடுடா... என் மேலதான் நிக்கிறே."

லைன் செத்துப்போனது.

மறுநாள் காலை நான்கு பேரைக் கெஞ்சிக் கூட்டிப்போய் ஏழாவது தூண் அருகே தோண்டினேன். அண்ணன் அங்கேதான் இருந்தார். அன்று சரிவு முழுக்கக் கம்பி குத்தியிருந்தோம். நாங்கள் நின்று பேசிய இடத்தில் மட்டும் யாரும் குத்தவில்லை. பாதை பாழாகிவிட்டதே என்று முதலாளிக்கு வருத்தம்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். அண்ணன் முகத்தைச் சுற்றி விரல் கனத்துக்குப் பனிக்கட்டி ஓடு இருந்ததாம்.

"மூச்சு பட்டுப் பட்டு உருகி உறைஞ்சது. சீக்கிரத்துல இவ்வளவு கனம் வராது. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கு."

வெளியே வந்தேன். அண்ணி வாசலில் நின்றிருந்தார்.

"உடனே போயிருப்பாருல்ல, தம்பி?"

"ஆமா அண்ணி."

இருட்டும்வரை அவர் கூப்பிட்டது ஒவ்வொன்றும் அண்ணனுக்குக் கேட்டிருக்கும்.