வந்துகொண்டே இருந்த அழுக்கு

எண்ணூரில் எங்கள் ஆய்வுக்கூடத்து ஜீப்பின் அலுமினியச் சக்கர மூடிகளை, டிரைவர் துரை சலவைச் சோடா கரைத்த நீரில் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பழைய எரிச்சல் வந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், ராயபுரத்தில் அப்பா டாக்சி ஓட்டினார். உடைந்த விமானத் தகட்டில் தட்டிச் செய்த நான்கு சக்கர மூடிகள்தான் அந்தப் பழைய வண்டிக்கு அழகு. ஒருநாள் மாலை அதில் மாப்பிள்ளை ஊர்வலம். அது நன்றாக அமைந்தால் மீனவக் குப்பத்துக் கல்யாணங்கள் எல்லாம் அவருக்கே வரும்.

எதைத் துலக்கவும் அத்தையிடம் இரண்டே வழிகள்: பித்தளைக்குப் புளி, மற்ற எல்லாவற்றுக்கும் சாம்பல். மூடிகளை வாங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். துணி கறுத்தது. மறுபடி தேய்த்தாள். மூடியும் கறுத்தது.

“யக்கா, வெள்ளியாட்டம் இருந்திச்சி, இப்ப தோசக்கல்லாட்டம் கீது. வுட்ரு!” என்று அப்பா கத்தினார்.

“அழுக்குடா நைனா! வந்துகினே கீது பாரு.”

வந்தது அழுக்கல்ல, சாம்பலின் காரம் அரித்த அலுமினியம். அது எனக்கே கல்லூரியில்தான் தெரிந்தது.

மேளம் கேட்டும் அத்தை நிறுத்தவில்லை. அப்பா மூடியில்லாமலே வண்டியை எடுத்தார். துருப்பிடித்த சக்கரங்களைப் பார்த்த குப்பத்தார், அடுத்த கல்யாணத்துக்கு வேறு டாக்சியை அழைத்தார்கள்.

“அழுக்கு போறதுக்குள்ள அவனுக்கு இன்னா அவசரம்?” என்றாள் அத்தை.

துரை கறுத்த துணியை என்னிடம் நீட்டினார். “எவ்ளோ அழுக்கு பாரும்மா!”

காரம் அலுமினியத்தை என்ன செய்யும் என்று பொறுமையாக விளக்கிவிட்டு, வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அவர் தலையாட்டினார்.

“புரிஞ்சிதும்மா. அப்ப சாம்பல் போட்டுக்கவா?”